கொழு முனையும் ஜேசிபி பக்கெட்டும்

ஜேசிபின்னா நம்ம ஊர்ல கம்பெனி பேரு இல்ல, மெஷின் பேரு. எந்தக் கம்பெனி வண்டி வந்து நின்னாலும் "ஜேசிபி வந்துடுச்சு"தான். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டுங்கற இங்கிலாந்துக்காரர் 1945-ல ஆரம்பிச்ச கம்பெனி. முன்னாடி பக்கெட், பின்னாடி தோண்டுற கைன்னு ரெண்டும் சேர்ந்த வண்டியை 1953-ல கொண்டு வந்தாங்க. இந்தியாவுல 1979-ல, ஹரியானா பல்லப்கர்ல கால் வச்சாங்க. இதெல்லாம் நிறைய பேருக்குத் தெரிஞ்ச கதை. நான் எழுத வந்தது முன் பக்கெட்டோட உதட்டுல இருக்கற அந்த ஒரு பட்டை இரும்பைப் பத்தி. அதுக்கும் ஒரு வரலாறு இருக்குங்க.

சேக்காடு இருக்கறது ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவுல. மண் வேலைக்கான மெஷின் இந்த ரயில் பாதைக்குப் புதுசு இல்ல. இதே பாதையில மேற்கே போனா திருவள்ளூர். அங்க ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1971-ல மண் அள்ளுற வண்டிகளுக்குன்னே ஒரு ஆலை போட்டாங்க. அம்பாசடர் கார் பண்ணின அதே கம்பெனிதான்! பின்னாடி அது கேட்டர்பில்லர் கைக்குப் போச்சு. இந்தப் பக்கம், ஆவடியில 1961-ல வந்த கனரக வாகனத் தொழிற்சாலை. அங்க செஞ்ச அஜேயா டாங்கி (ரஷ்ய டி-72-தான்) படத்தைப் பார்த்தா மூக்குக்குக் கீழ ஒரு தகடு தெரியும். டாங்கி தனக்கான பள்ளத்தைத் தானே தோண்டிக்கறதுக்கு. பீரங்கி வச்ச வண்டிக்கும் மண் தள்ளுற வேலை உண்டு :-)

சரி, பக்கெட்டுக்கு வருவோம். தோண்டறதுக்குப் பல் வேணும், சமன் பண்றதுக்குப் பல் கூடாது. இதுதான் பிரச்சினையே. பல்லோட லெவல் அடிச்சா மண்ணுல வரி வரியா விழும். அழகுக்காகச் சொல்லல. இங்க நிலம் தட்டை, வாட்டம் ரொம்பக் கம்மி. ரெண்டு அங்குலம் தப்பினா தண்ணி அடுத்தவன் வாசலுக்குப் போகும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப ஆவடி, அம்பத்தூர் பக்கம் இருந்தவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல.

நம்ம ஆளுங்க இதுக்கு எப்பவோ வழி கண்டுபிடிச்சாச்சு. கிளறுறதுக்குக் கலப்பை தனி, சமன் பண்றதுக்குப் பரம்பு தனி. நீளமா ஒரு பலகை, ரெண்டு மாடு, பலகை மேல எடைக்கு ஒரு ஆள். சேறு கண்ணாடி மாதிரி ஆயிடும். லோடர் ஓட்டுறவர் பக்கெட்டைக் கவுத்து, கையை ஃப்ளோட்ல விட்டுட்டு ரிவர்ஸ்ல இழுக்கறாரே, அது அச்சு அசல் பரம்படிக்கறதுதான்.

ரெண்டையும் ஒரே பக்கெட்டுல கொண்டு வரத்தான் இத்தனை மாற்றங்களும். அமெரிக்காவுல டிராட் கம்பெனி 1950-கள்ல வாய் பிளக்கற பக்கெட்டைப் பரப்பினாங்க. அள்ளலாம், தள்ளலாம், இழுத்துச் சமன் பண்ணலாம், கவ்வலாம். இன்னிக்கும் 'ஃபோர் இன் ஒன்'னுதான் பேரு. விலை தாங்காதவங்களுக்குச் சுலபமான வழி, பல்லைக் கழட்டிட்டு நேரான பிளேடை போல்ட் போட்டு மாட்டறது. ஆசைப்பட்டு ரொம்ப முன்னாடி நீட்டி வச்சா தோண்டற பலம் குறையும். உதடு நீள நீள, சிலிண்டரோட வலு அந்த நுனிக்குப் போய்ச் சேராது.

அடுத்தது தேய்மானம். நம்ம சரளை மண்ணுல இருக்கற குவார்ட்ஸ் மணல் சாதா இரும்பை விடப் பல மடங்கு கடினம். பக்கெட் மண்ணை அள்ளுதுன்னு நாம நினைக்கறோம், மண்ணும் பக்கெட்டை அள்ளிக்கிட்டுத்தான் இருக்கு. கொல்லன் பட்டறை இதுக்குச் சொன்ன பதில், முழுக் கலப்பையும் இரும்பா வேணாம், முனையில மட்டும் கொழு. தேஞ்சா அதை மட்டும் பாரு.

1882-ல ஷெஃபீல்டுல ராபர்ட் ஹாட்ஃபீல்டுங்கற இளைஞர் இரும்புல 12 சதவீதத்துக்கு மேல மாங்கனீஸ் கலந்து பார்த்தார். விசித்திரமான உலோகம், அடிக்க அடிக்கக் கெட்டியாகும். கல்லு உடைக்கற மெஷின் தாடைக்கும் ரயில் தண்டவாளச் சந்திப்புக்கும் அதுதான் போச்சு. இதே ஹாட்ஃபீல்டு 1912-ல இலங்கையின் பழங்கால இரும்பையும் எஃகையும் பரிசோதிச்சுக் கட்டுரை எழுதியிருக்கார். 1931-ல மைக்கேல் ஃபாரடே விட்டுட்டுப் போன உருக்குத் துண்டுகளையும் ஆராய்ஞ்சார். அந்த ஃபாரடே 1819-ல உருக்கு ஆராய்ச்சியை ஆரம்பிச்சது எதை வச்சுன்னு நினைக்கறீங்க? 'ஊட்ஸ்'னு வெள்ளைக்காரன் கூப்பிட்ட நம்ம தென்னாட்டு உருக்கை வச்சு!

ஆனா ஒண்ணு, மாங்கனீஸ் உருக்கு நம்ம லெவல் வேலைக்கு அவ்வளவா உதவாது. அடி விழுந்தாத்தான் அது கெட்டியாகும். மணல் அடிக்காது, சும்மா உரசிட்டுத்தான் போகும். அதனால சீக்கிரம் தேயும். உரசலுக்குப் பதில் குரோமியம் கார்பைடு. அது குவார்ட்ஸையே மிஞ்சற கடினம். 1920-கள்ல கலிஃபோர்னியாவுல எண்ணெய்க் கிணறு தோண்டற முனைகளுக்குக் கடினமான உலோகத்தை வெல்டிங்ல பூச ஆரம்பிச்ச அந்த வேலைதான் இன்னிக்கு ஹார்டுஃபேசிங். நைஸ் மணலா இருந்தா மண் ஓடற திசைக்குக் குறுக்கே கோடு போடணும். கல்லும் பாறையுமா இருந்தா ஓடற திசையிலயே. ரெண்டும் கலந்திருந்தா கட்டம் கட்டமா. கட்டத்துக்குள்ள மண்ணு போய் உக்காந்துக்கும், அப்புறம் மண்ணு மேலதான் மண்ணு உரசும். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்க! பூச்சுல மயிரிழை விரிசல் விழுந்தா பயப்பட வேணாம், அந்த ரகத்துக்கு அது சகஜம்.

பயப்பட வேண்டியது லாரி ஸ்பிரிங் பட்டையை அப்படியே உதட்டுல வச்சு வெல்டு அடிக்கறதுக்குத்தான். கெட்டி இரும்புதான், மறுக்கல. ஆனா கார்பன் ஜாஸ்தி. சூடு பண்ணாம அடிச்சா வெல்டுக்குப் பக்கத்துலயே மொறுமொறுன்னு ஆகி, பட்டை மட்டும் இல்ல, சில சமயம் உதட்டையும் பிச்சுக்கிட்டுப் போகும். மிச்சம் பிடிச்ச காசு பக்கெட்டுக்கே போயிடும். வாடகைக்கு வண்டி ஓட்டித் தவணை கட்டறவருக்கு அந்த ஒரு வாரம் வண்டி நின்னாலே பெரிய அடி.

போல்ட் போடற பிளேடுல இந்த வம்பு கிடையாது. ரெண்டு ஓரமும் கூரா இருக்கற ரகமா வாங்கினா, ஒரு பக்கம் தேஞ்சதும் திருப்பி மாட்டிக்கலாம். தேய்மானம் உதட்டைத் தொடறதுக்கு முன்னாடி திருப்பிடணும், அவ்வளவுதான். தலை தகட்டோட சமமா உக்கார்ற அந்த போல்ட்டுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில 'பிளவ் போல்ட்'னு பேரு. பிளவ்னா ஏர். ஏர்ல கொழு மாட்டறதுக்குன்னு பொறந்த போல்ட்தான் அது.