மகிழுந்து ஒலியடக்கி

ஒலியடக்கி என்பது உள் எரி பொறியிலிருந்து வெளியேறும் புகையின் இரைச்சலைக் குறைப்பதற்காகப் புகைக்குழாயில் பொருத்தப்படும் உலோகக் கலம் ஆகும். பேச்சு வழக்கில் இது சைலன்சர் என அழைக்கப்படுகிறது. மகிழுந்துகளில் இது பெரும்பாலும் வண்டியின் அடியில், பின்புறமாக அமைந்திருக்கும். ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்ட்டன் ரீவ்ஸ், மார்சல் ரீவ்ஸ் என்னும் சகோதரர்கள் 1897 ஆம் ஆண்டில் பொறிகளுக்கான ஒலியடக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். இந்தியாவில் 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் ஒலியடக்கி இருக்கவேண்டும் என வரையறுக்கின்றன.

செயற்பாடு

ஒலியடக்கியின் உள்ளே துளையிட்ட குழாய்களும் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட அறைகளும் உள்ளன. இவற்றில் பட்டுத் தெறிக்கும் ஒலி அலைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கின்றன. சில வகைகளில் கண்ணாடி இழை நிரப்பப்பட்டு, ஒலி உறிஞ்சப்படுகிறது.

பழுதடைதல்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் குழாய் போதிய அளவு சூடேறுவதில்லை. எனவே ஆவி குளிர்ந்து நீராகி ஒலியடக்கியில் தேங்குகிறது; அது உட்புறமிருந்தே துருப்பிடிக்கிறது. வெளியே நன்றாகத் தோன்றும் கலமும் இவ்வாறு ஓட்டையாகிவிடுவதுண்டு. இரைச்சல் திடீரென மிகுவது இதன் முதல் அறிகுறியாகும்.

ஓட்டை வழியே கசியும் புகையில் கார்பனோரொட்சைட்டு உள்ளது. நிறமும் மணமும் அற்ற இவ்வளிமம் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் பிணைகிறது. வண்டியின் அடியில் கசியும் புகை தரையிலுள்ள இடுக்குகள் வழியாக உள்ளே புகுந்தால், பயணிப்போருக்குத் தலைவலி, மயக்கம், மரணம் கூட நேரலாம்.

வீட்டில் மாற்றும் முறை

# ஓடிய வண்டியின் குழாய் சில நூறு பாகை செல்சியசு வரை சூடாகியிருக்கும். அது முழுவதும் ஆறியபின்னரே வேலையைத் தொடங்கவேண்டும்.
# வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, கைபிரேக் இட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது. எடையை இரும்புத் தாங்கிகளின் மேல் இறக்கிய பின்னரே அடியில் செல்லவேண்டும்.
# துருப்பிடித்த போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் தெளித்துச் சில மணி நேரம் ஊறவிடலாம். துரு கண்ணில் விழாதிருக்கக் கண்ணாடி அணிதல் அவசியம்.
# போல்ட்டுகளையும் கிளாம்புகளையும் கழற்றி, பின்னர் தொங்கவிடும் ரப்பர் வளையங்களிலிருந்து ஒலியடக்கியை விடுவிக்கவேண்டும்.
# புதிய ஒலியடக்கியைப் புகை நுழையும் முனை பொறியின் பக்கம் இருக்குமாறு தொங்கவிட்டு, புதிய கேஸ்கட் இட்டு, எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாகவே மாட்டவேண்டும். குழாய் வண்டியின் உடலில் எங்கும் உரசாதவாறு சரிசெய்த பிறகு முன்னிருந்து பின்னாக இறுக்கவேண்டும்.

சோதித்தல்

பொறியைத் திறந்த வெளியில் மட்டுமே இயக்கிப் பார்க்கவேண்டும். வினையூக்கி மாற்றி சூடேறிய பின்னரே நன்கு செயற்படும். எனவே குளிர்ந்த பொறியின் புகையில் நச்சு மிகுதி. கதவு திறந்திருந்தாலும் வண்டிக் கொட்டகைக்குள் பொறியை ஓடவிடுவது பாதுகாப்பானதன்று. இணைப்புகளில் 'புசு புசு' என்ற ஓசையோ கரிப்படிவோ காணப்பட்டால் கசிவு உள்ளது எனக் கொள்ளலாம்.