வடுகபட்டிச் சந்தையும் 'வெண்பா' விளையாட்டும்

சென்ற டிசம்பர் விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, கணினியில் இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். எழுத்துப் பிழை இல்லை நண்பர்களே, உண்மைதான். தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. பெயர் 'வெண்பா'. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன ஒரு பெண்ணின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். டொரொன்டோவில் உள்ள 'விசை' என்ற சிறு நிறுவனம் செய்தது.

"விலை என்னம்மா?" என்றேன்.

"அமெரிக்காவுல 14.99 டாலர் தாத்தா." பாட்டா செருப்பு விலை மாதிரி!

"எவ்வளவு நேரம் ஆடலாம்?"

"ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும்."

வெளியான நாளின் மாற்று விகிதத்தில் அது சுமார் 1,230 ரூபாய். எனக்கு அப்பாவின் பூண்டு மூட்டை ஞாபகம் வந்துவிட்டது. பூம்பாறைப் பக்கத்துப் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் மலைப்பூண்டு பல் சிறிது, காரம் அதிகம், மாதக்கணக்கில் கெடாது. பக்கத்திலேயே வடநாட்டுப் பெரும்பல் பூண்டு கொட்டிக் கிடக்கும். வாங்குகிறவர் அதைக் காட்டித்தான் விலை பேசுவார். 2019-இல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அதைப் பார்க்க அப்பா இல்லை.

எந்தக் கடை, என்ன விலை என்ற இதே தலைவலிதான் சிறு விளையாட்டுக்காரர்களுக்கும் என்று பேத்தி சொன்னபிறகு தேடிப் படித்தேன்.

1993-இல் 'டூம்' விளையாட்டைச் செய்தவர்கள் முதல் பகுதியை இலவசமாக விட்டார்கள். யார் வேண்டுமானாலும் பிளாப்பியில் நகலெடுத்துக் கொடுக்கலாம். ருசி கண்டவர்கள் மீதியைக் காசு கொடுத்து வாங்கினார்கள். 2003-இல் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம்' என்ற இணையக் கடையைத் தொடங்கியது. 2005 முதல் மற்றவர்கள் சரக்கும் அங்கே வந்தது. கமிஷன் நூற்றுக்கு 30. முதலில் கடைக்காரர் பார்த்துப் பொறுக்கியதுதான் உள்ளே போகும். 2012-இல் வாடிக்கையாளர் வாக்களிப்பு வந்தது. 2017 முதல் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டினால் கதவு திறக்கும். இப்போது ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் புதுச் சரக்கு இறங்குகிறது. இடம் கிடைத்துவிடும், கண்ணில் படுவதுதான் பாடு.

2018-இல் எபிக் நிறுவனம் 12 சதவீதக் கமிஷனில் போட்டிக் கடை போட்டது. அதே சமயம் ஸ்டீமும் கமிஷனைக் குறைத்தது. ஆனால் ஒரு கோடி டாலருக்கு மேல் விற்கும் விளையாட்டுக்கு மட்டும்! பெரிய வியாபாரிக்குத் தள்ளுபடி, மூட்டைக்காரனுக்கு முழுக் கமிஷன். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? 'இட்ச்' என்றொரு கடையும் உண்டு. கமிஷன் எவ்வளவு என்று அங்கே விற்பவரே முடிவு செய்யலாம். நியாயமான கடைதான், ஆனால் கூட்டம் ஸ்டீமில்.

'வெண்பா'காரர்கள் 2023 ஜூலை 31 அன்று ஒரே நாளில் ஸ்டீம், நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்று நான்கு கடையிலும் இறக்கினார்கள். எக்ஸ்பாக்ஸின் மாதச் சந்தாவிலும் முதல் நாளே சேர்த்தார்கள். இந்தச் சந்தாவில் சேரும் பல விளையாட்டுகளுக்கு முன்கூட்டியே ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுகிறார்கள். பேரி மரத்தில் காய் இருக்கும்போதே மொத்தமாக விலை பேசுவோமே, கிட்டத்தட்ட அதுதான். பின்னால் விலை ஏறினால் நமக்கில்லை, ஆலங்கட்டி மழை பெய்தாலும் கவலையில்லை.

என்னை உறுத்தியது வேறு. வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஏமாந்தவருக்கு நல்ல விதிதான். ஆனால் ஒன்றரை மணி நேர விளையாட்டை முழுக்க முடித்துவிட்டும் காசு கேட்கலாமே! மணிக்கு இவ்வளவு என்று எடை போட்டு, விலை அதிகம் என்றவர்களும் உண்டு. நீளத்துக்காகக் கதையை இழுக்கலாம், அல்லது விலையைப் பாதியாக்கலாம். இவர்கள் இரண்டையும் செய்யவில்லை. 2024-இல் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் முதல் படைப்புக்கான விருதும் கிடைத்தன.

"முடிச்சிட்டியே, காசைத் திருப்பிக் கேளேன்" என்று பேத்தியைச் சீண்டினேன். முறைத்துவிட்டுப் பாட்டியிடம் போனாள், அரிசிக்கு உளுந்து எவ்வளவு என்று கேட்க. டிசம்பர் குளிரில் மாவு பொங்க ஒன்றரை நாள் ஆனது.