திரும்பி வந்த பீப்பாய்

போன மாதம் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரியாவிடை விருந்து. ஒயின் பட்டியலை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். எனக்கு ஒயினில் தெரிந்ததெல்லாம் சிவப்பு, வெள்ளை என்ற இரண்டு நிறம்தான். கடைசிப் பக்கத்தில், சில நூறு வெள்ளி விலையில், ‘கோஸ் தெஸ்தூர்னெல்’ என்று ஒரு பெயர் இருந்தது. வாங்கவில்லை. புக்கிட் மேராவுக்குத் திரும்பும் பேருந்தில் சும்மா அந்தப் பெயரைத் தேடினேன். வந்த படத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பிரான்ஸில் ஒரு திராட்சைத் தோட்டம். அதன் நடுவே பகோடா கோபுரங்கள், யானைச் சிற்பங்கள். நம்ம ஆளுங்க எப்படி அங்கே போனாங்க என்றுதான் முதலில் தோன்றியது. நம் ஆள் யாரும் போகவில்லை. ஒயின்தான் போனது, அதுவும் எதிர்த்திசையில், இந்தியாவுக்கு.

போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில் இருக்கிறது மெதோக் வட்டாரம். அதன் வடபகுதியில் உள்ள ஊர் சேந்த் எஸ்தெஃப். ‘கோஸ்’ என்றால் அந்தப் பக்கத்துப் பழைய பேச்சுமொழியில் கூழாங்கல் மேடு. மேலே சரளைக்கல், கீழே களிமண். சரளை மழைநீரைச் சீக்கிரம் வடித்துவிடும். பகல் வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கபர்னே சோவின்யோன் திராட்சை மெதுவாகப் பழுக்க இது தோதான இடம். ஓடையைத் தாண்டினால் புகழ்பெற்ற லஃபீத் தோட்டம்.

இந்த மேட்டில் 1811இல் தன் ஒயினுக்குத் தனிப்பெயர் தேடிக்கொண்டவர் லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல். பீப்பாய்களை இந்தியா வரைக்கும் அனுப்பினார். விற்காதவை அதே கப்பலில் திரும்பி வந்தன. நியாயமாகப் பார்த்தால் நஷ்டம். ஆனால் திரும்பி வந்த ஒயின் இன்னும் ருசியாகிவிட்டது என்று அவர் சொன்னதாகக் கதை. அந்தப் புட்டிகளுக்கு ‘ரெத்தூர் தேஸாந்த்’ என்று பெயர். இந்தியாவிலிருந்து திரும்பியது என்று பொருள். பகோடாக்கள் எழுந்தது இந்தப் பெருமையில்தான். ‘சேந்த் எஸ்தெஃப் மகாராஜா’ என்ற பட்டப்பெயரும் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

பொறியாளர் புத்தி சும்மா இருக்குமா? சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. அதற்கு முன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். போக வர நான்கு முறை நிலநடுக்கோட்டைக் கடக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எங்கள் கைக்கணக்கு. அப்படியென்றால் ஒயின் வேகமாக முதிர்ந்திருக்கும், அல்லது கெட்டிருக்கும். இன்றைக்கு நல்ல போர்தோவை 12, 13 டிகிரியில் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். ஆக, ருசி கூடியதோ இல்லையோ, விலை கூடியது. ‘இந்தியா’ என்ற சொல் பீப்பாயில் ஊறியது.

கடனில் மூழ்கிய தெஸ்தூர்னெல் 1852இல் தோட்டத்தை ஒரு லண்டன் வங்கியாளருக்கு விற்றார். 1853இல் இறந்தார். இரண்டு வருடம் கழித்து, பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்த பட்டியலில் அவர் தோட்டம் இரண்டாம் தகுதி பெற்றது. 1855இன் அந்தப் பட்டியல் சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றும் செல்லுபடியாகிறது.

அவர் இறந்த அதே 1853இல் இன்னொரு கப்பல் கடலில் இருந்தது. ‘ஒரேலி’ என்று பெயர். பிரான்ஸ் 1848இல் அடிமை முறையை ஒழித்ததும் கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பற்றாக்குறை. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கப்பல் மே மாதம் மார்த்தினிக் தீவில் கரை சேர்ந்தது. பெருமளவில் தமிழர்கள். ஐந்து வருட ஒப்பந்தம். முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பலாம் என்பது வாக்கு. பக்கத்துத் தீவு குவாதலூப்புக்கு அடுத்த சில பத்தாண்டுகளில் போனவர்கள் மட்டும் சுமார் 42,000 பேர். திரும்பியவர்கள் 10,000ஐக்கூட எட்டவில்லை.

‘இந்தியாவிலிருந்து திரும்பியது’ என்று ஒயினுக்கு ஒரு முத்திரை கிடைத்தது. இந்தியாவுக்குத் திரும்ப முடியாத இந்த மனிதர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. மார்த்தினிக்கின் வடகோடியில், கவிஞர் எமே செசேர் பிறந்த பாஸ் புவான்த் பக்கம், அவர்கள் தங்கிப்போனார்கள். மொழி போனது. மாரியம்மன் மட்டும் ‘மாலியெமென்’ ஆகித் தங்கினாள்.

ஒயினின் பெயரை மண்ணோடு கட்டிப்போடும் சட்டத்தைப் பிரான்ஸ் 1935இல் கொண்டுவந்தது. சேந்த் எஸ்தெஃப் 1936இல் அதற்குள் வந்தது. வேறு ஊர்க்காரன் அந்தப் பெயரை எழுதி விற்க முடியாது. 1996இல் அதே பாதுகாப்பு மார்த்தினிக்கின் கரும்புச்சாறு ரம்முக்கும் கிடைத்தது. எந்த நிலம், எந்தக் கரும்பு, எப்படி வடிப்பது, எல்லாம் விதிகளில் இருக்கின்றன. அந்த நிலத்தில் தலைமுறைகளாகக் கரும்பு வெட்டிய ஆப்பிரிக்கக் கைகளும் தமிழ்க் கைகளும் விதிகளில் வராது. ஒரு பானத்தின் ருசியில் மண்ணுக்குப் பங்கு உண்டு என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். மண்ணின் பங்கை இவ்வளவு நுட்பமாக அளக்கத் தெரிந்தவர்கள் மனிதனின் பங்கை ஏன் அளக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி வந்தவர். கூலி ஒப்பந்தம் ஏதும் இல்லை, சொந்த விருப்பம். “அஞ்சு வருஷம் சம்பாதிச்சுட்டு ஊருக்குப் போயிடணும்னுதான் வந்தேன்” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். புக்கிட் மேராவில் எங்கள் வீவக வீட்டில்தான் இறந்தார். மலாயில் புக்கிட் மேரா என்றால் செம்மேடு. ஊரைக் காப்பாற்ற யோசனை சொன்ன ஒரு சிறுவனை அரசன் கொன்றான், அவன் ரத்தம் பட்டு மேடு சிவந்தது என்று இங்கே கதை சொல்வார்கள்.

தாத்தா கொண்டுவந்த தகரப்பெட்டி இன்னும் எங்களிடம் இருக்கிறது. மூடியில் வெள்ளைச் சாயத்தில் அவர் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். திரும்பிப் போகும்போது அடையாளத்துக்கு என்று எழுதியதாம்.