இடுகாட்டுக்கும் பூட்டு!

வேல்ஸ் நாட்டு மலைப்பக்கத்தில் லான்ஃப்ரோத்தன் என்றொரு சிற்றூர். 1888-ஆம் ஆண்டு அவ்வூரிலே ராபர்ட் ராபர்ட்ஸ் என்னும் முதியவர் மாண்டார். கல் உடைத்தே காலந்தள்ளிய உழைப்பாளி. மாளிகை கேட்டாரில்லை; மணிமண்டபம் கேட்டாரில்லை. மகளைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் தமக்கும் ஆறடி மண் வேண்டும் என்பதே அவர் விட்டுச்சென்ற விருப்பம். அவர் மெதடிஸ்ட் பிரிவைச் சேர்ந்தவர். ஆகவே அந்தப் பிரிவின் முறைப்படியே அடக்கம் நடக்கவேண்டுமென்று குடும்பத்தார் எண்ணினர்.

மகளின் பக்கத்தில் குழி வெட்டப்பட்டது. வேற்றுப் பிரிவின் முறைப்படி அடக்கம் என்ற அறிவிப்பு கைக்குக் கிடைத்ததும், திருச்சபைப் பாதிரியார் அந்தக் குழியை மூடச்செய்தார்! வேறிடம் காட்டினார். எந்த இடம்? தற்கொலை செய்துகொண்டோருக்கும் ஊர்பேர் தெரியாதோருக்கும் ஒதுக்கப்பட்ட மூலை! கல்லறைத் தோட்டத்தின் வாயிலுக்குப் பூட்டும் போட்டார்.

பள்ளியிலே நாம் லாயிட் ஜார்ஜின் பெயரைச் சொல்லும்போது முதல் உலகப் போரைச் சொல்கிறோம், முதலமைச்சர் பதவியைச் சொல்கிறோம். அந்தப் பூட்டின் கதையைச் சொல்வதில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

பூட்டு எப்படி வந்தது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான சிற்றூர்களில் பிணம் புதைக்க இருந்தது ஒரே இடம், திருச்சபைக் கோயிலை ஒட்டிய தோட்டம். ஊரார் எவரும் அங்கே புதைக்கப்பட உரிமை பெற்றவர். சட்டம் அதை மறுக்கவில்லை. ஆனால் குழியருகே வாய் திறக்கும் உரிமை மட்டும் ஒருவருக்கே! திருச்சபையின் குருவே ஓதவேண்டும். மற்றவர் மவுனமாக நிற்கவேண்டும். 1662-ஆம் ஆண்டு வழிபாட்டு நூலோ ஞானஸ்நானம் பெறாதோருக்கும், சபையினின்று விலக்கப்பட்டோருக்கும், தற்கொலை செய்துகொண்டோருக்கும் அடக்க மந்திரம் ஓதக்கூடாது என்று விதித்தது. கோயிலைப் பேணுவதற்கான வரியையோ எல்லாப் பிரிவினரும் கட்டியாகவேண்டும். 1868-இல்தான் அந்தக் கட்டாயம் நீங்கிற்று. வரி என்றால் வா, வாய் என்றால் மூடு! இது நம் செவிக்குப் புதிய செய்தியா, தோழர்களே?

பாப்டிஸ்ட் பிரிவினர், அறிவு வந்த பின்னரே ஞானஸ்நானம் என்னும் கொள்கையினர். ஆதலால் அவர்கள் வீட்டுக் குழந்தை இறந்தால், அது ஞானஸ்நானம் பெறாத குழந்தை. சபோக் மாவட்டத்து ஏக்கனம் என்னும் சிற்றூரில் 1878 ஆகஸ்ட் 23 அன்று அப்படியொரு குழந்தையின் சவப்பெட்டி வந்தது. ஜோசப் ராம்சி, வயது இரண்டு, பண்ணைத் தொழிலாளியின் மகன். குருவோ மந்திரம் ஓதமாட்டார். வேறெவரும் உள்ளே ஓதவும் கூடாது. என் செய்வர் பெற்றோர்? சுவருக்கு வெளியே, புல்வெளியில், இப்ஸ்விச் நகரிலிருந்து வந்த டோசர் என்னும் வேற்றுப் பிரிவுப் போதகரைக்கொண்டு வழிபாட்டை முடித்துக்கொண்டு, பிறகு பிணத்தை உள்ளே கொண்டுபோவதென்று முடிவு செய்தனர். எவ்வளவு பணிவான ஏற்பாடு!

அதுவும் பொறுக்கவில்லை ட்ரூரி என்ற அந்த ஊர்க் குருவுக்கு. முதலில் புதையுங்கள், பிறகு உங்கள் ஓதலை வைத்துக்கொள்ளுங்கள் என்று இடைமறித்தார். பிணம் கிடக்க வாக்குவாதம் நடந்தது. தந்தைக்கு வேலை கொடுத்திருந்த பண்ணைக்காரர் கொதித்தெழுந்தார். குரு வாயிலைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார்! வழிபாட்டை முடித்தவர்கள் வேலி வழியாகப் பெட்டியைத் தூக்கிச்சென்று, கோயிலுக்கு வடபுறத்தில் குழந்தையைப் புதைத்தனர்.

செய்தியை ஏடு வெளியிட்டது. ஏட்டாசிரியர்மீது குரு மானநட்ட வழக்குத் தொடுத்தார், வென்றார். 1879-இல் நீதிமன்றம் அவருக்குத் தந்த நட்டஈடு 40 ஷில்லிங், அதாவது இரண்டே பவுன். அந்த மானத்தின் மதிப்பு அவ்வளவே என்று ஜூரர்கள் கருதினர் போலும். ஆனால் வழக்கால் ஏக்கனம் என்ற பெயர் நாடெங்கும் பரவிற்று. ஆஸ்பர்ன் மார்கன் என்னும் வேல்ஸ் உறுப்பினர் 1870 முதல் நாடாளுமன்றத்தில் தட்டிவந்த கதவு, 1880 செப்டம்பரில் திறந்தது. அடக்கச் சட்டத் திருத்தம் நிறைவேறிற்று. இறந்தவரின் உறவினரோ நண்பரோ 48 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவித்தால் போதும். திருச்சபைக் குரு இல்லாமலே அடக்கம் செய்யலாம். கான்டர்பரிப் பேராயர் டெய்ட் இதை ஆதரித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

சட்டம் வந்தும் எட்டாண்டு கழித்து லான்ஃப்ரோத்தனில் பூட்டு எப்படி வந்தது? சட்டம் போட்டவர் லண்டனில். சாவி வைத்திருப்பவர் ஊரில்! தோட்டத்தோடு முன்பே சேர்க்கப்பட்டு, மதிலும் எழுப்பப்பட்ட ஒரு துண்டு நிலம் இருந்தது. அதைக் கொடுத்த அம்மையாரிடம் 1881-இல், அதாவது சட்டம் வந்த மறுஆண்டில், குரு ஒரு பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். இந்நிலத்தில் திருச்சபை முறை அடக்கம் மட்டுமே நடக்கலாம் என்பது பத்திரத்தின் நிபந்தனை. சட்டத்தின் வாயிலை அடைக்கப் பத்திரத்தைக் கல்லாக்கினார்! ராபர்ட்ஸின் மகள் உறங்கியது அந்தத் துண்டிலேதான்.

குடும்பத்தார் 25 வயது இளம் வழக்கறிஞரிடம் ஓடினர். அவரே லாயிட் ஜார்ஜ். பழைய ஏடுகளைப் புரட்டினார். நிலம் பல்லாண்டுகளாக ஊரார் கையிலிருந்தது. ஆகவே பின்னால் எழுதிய பத்திரம் செல்லாது என்று கண்டார். பூட்டியிருந்தால் உடைத்துப் போங்கள் என்றார்! ஊர்வலம் புறப்பட்டது, வாயில் உடைபட்டது, மூடிய குழி மீண்டும் தோண்டப்பட்டது. தந்தை மகளருகே படுத்தார்.

குரு வழக்காடினார். போர்ட்மாடாக் மாவட்ட நீதிமன்றத்தில் ஜூரர்கள் குடும்பத்தார் பக்கம் நின்றனர். நீதிபதியோ அவர்கள் சொன்னதைத் தவறாகப் பதிந்துகொண்டு, குருவுக்கே தீர்ப்பளித்தார்! வழக்கு லண்டன் ஏறிற்று. 1888 டிசம்பரில் தலைமை நீதிபதி கோலரிட்ஜ் பிரபுவும் உடனிருந்த நீதிபதியும் அத்தீர்ப்பைத் தூக்கியெறிந்தனர். கல்லுடைத்தவரின் கடைசி விருப்பம் சட்டமாயிற்று. 1890-இல் அந்த இளம் வழக்கறிஞர் 18 வாக்கு வித்தியாசத்தில் நாடாளுமன்றம் சென்றார்.

ஆனால் 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தை வரிவரியாகப் படித்தால் மகிழ்ச்சி பாதியாகிவிடுகிறது. குழியருகே நடக்கும் வழிபாடு கிறித்தவ வழிபாடாக இருக்கவேண்டும். அல்லது எந்த வழிபாடும் இருக்கக்கூடாது. வழிபாட்டின் பகுதியாக அமையாத சொற்பொழிவு கோயில் தோட்டத்தில் குற்றம். மெதடிஸ்ட் பாடலாம், பாப்டிஸ்ட் ஓதலாம். எந்த மதமும் வேண்டாமென்று வாழ்ந்து மாண்டவனுக்கு? நண்பன் எழுந்து, இவன் நல்லவன் என்று நாலு சொல் சொன்னால் தண்டனை. சாவி கைமாறிற்று, கதவு பாதிதான் திறந்தது.

அந்த நாத்திகருள் முதல்வர் சார்லஸ் பிராட்லா. கடவுள் பெயரால் உறுதிமொழி எடுப்பது பற்றிய வழக்கில் நாடாளுமன்றத்தை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தவர். இந்தியாவின் உறுப்பினர் என்றே அழைக்கப்பட்டவர். தமது அடக்கம் இயன்ற அளவு குறைந்த செலவில் நடக்கவேண்டும், எவரும் பேசக்கூடாது என்று உயிலில் எழுதிவைத்தார். 1891 ஜனவரி 30 அன்று மறைந்தார். கோயில் தோட்டத்தில் அல்ல, லண்டனுக்கு வெளியே புரூக்வுட் என்னும் பொது இடுகாட்டில் அடக்கம். மகள் ஹைப்பேஷியா தந்தையின் எழுத்தை அப்படியே நிறைவேற்றினார். லண்டனில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களும் போயிருந்தனர். அவர்களுள் ஒருவர் காந்தியார். ஓதுவார் எவருமில்லை, பேசுவார் எவருமில்லை. பெட்டி இறங்கிற்று, மண் விழுந்தது, வந்தவர்கள் ரயிலுக்குத் திரும்பினர்.