சிவப்பு விமானியின் சின்னங்கள்



தபால் தலைகளையும் பழங்காசுகளையும் சேர்த்து வைக்கும் வழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. ஒரு பொருளைக் கையிலெடுத்து, இஃது இன்னார் வைத்திருந்தது என்று அறியும்போது உள்ளத்தில் ஒரு சிலிர்ப்பு உண்டாகிறதல்லவா? அந்தச் சிலிர்ப்பு வரலாற்றுக்குத் துணை செய்வதும் உண்டு. தீங்கு செய்வதும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே மனிதரின் கதையில் காணலாம்.

அவர் ஜெர்மானிய விமானப் படைத் தலைவர் மான்ஃபிரெட் வான் ரிக்தோஃபன். 1892ஆம் ஆண்டு பிறந்தவர். முதலில் குதிரைப் படையில் பணியாற்றியவர். முதல் உலகப் போரில் 80 பகை விமானங்களை வீழ்த்தியவர் என்று கணக்கிடப்பட்டவர். 1917 ஜூன் மாதத்தில், 25ஆம் வயதிலேயே, நான்கு விமானப் பிரிவுகள் அடங்கிய பெரும்படைக்குத் தலைவரானார். தம் விமானத்திற்குச் சிவப்பு வண்ணம் பூசியதால் ‘சிவப்புப் பிரபு’ என்று பெயர் பெற்றார்.

இவரே நினைவுப் பொருள்களைச் சேர்ப்பதில் பேரார்வம் உடையவர். 1916 செப்டம்பரில் முதல் வெற்றி கிடைத்ததும், பெர்லின் நகரத்துப் பொன்வினைஞர் ஒருவரிடம் வெள்ளிக் கிண்ணம் ஒன்று செய்யச் சொன்னார். அதில் வெற்றியின் எண், வீழ்ந்த விமானத்தின் வகை, நாள் ஆகியவை பொறிக்கப்பட்டன. அதன்பின் வெற்றிக்கு ஒரு கிண்ணம்; பத்தாவது வெற்றிதோறும் பெரிய கிண்ணம். 60 கிண்ணங்கள் ஆனபின், போர்க்காலத்து வெள்ளிப் பஞ்சத்தால் அவ்வழக்கம் நின்றது.

1916 நவம்பர் 23ஆம் நாள், விக்டோரியா சிலுவை விருது பெற்ற பிரிட்டிஷ் வீரர் மேஜர் லானோ ஹாக்கரை நெடிய சண்டைக்குப் பின் வீழ்த்தினார். ஹாக்கருடைய யந்திரத் துப்பாக்கி ரிக்தோஃபனின் அறை வாயிலுக்கு மேல் தொங்கியது. சுவர்களிலோ, வீழ்ந்த விமானங்களிலிருந்து வெட்டியெடுத்த எண்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு தாயின் மகன் இருந்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

காலச் சக்கரம் சுழன்றது. 1918 ஏப்ரல் 21ஆம் நாள், பிரான்சில் சோம் ஆற்றருகே தாழப் பறந்தபோது, ஒரே குண்டு அவர் மார்பைத் துளைத்தது. 26 வயது நிறைய இன்னும் 11 நாள்களே இருந்தன. மூன்றடுக்குச் சிறகுடைய அவருடைய ஃபாக்கர் விமானம் பெருஞ்சேதமின்றியே ஆஸ்திரேலியப் படையினரின் பகுதியில் தரையிறங்கியது. இறந்தவர் யாரென்று தெரிந்ததும் வீரர்கள் மொய்த்தனர். ஒருவர் சிவப்புத் துணியைக் கிழித்தார். ஒருவர் கருவியைக் கழற்றினார். சிறிது நேரத்தில் விமானம் வெறும் எலும்புக்கூடாயிற்று. பிறருடைய விமானங்களிலிருந்து சின்னம் எடுத்தவருடைய விமானமே சின்னங்களாகச் சிதறியது!

இன்று அதன் இயந்திரம் லண்டனிலும், இருக்கை கனடாவின் டொரண்டோவிலும், செலுத்துதண்டும் அவருடைய காலணியும் ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலும் காக்கப்படுகின்றன. அவருடைய சொந்தச் சேகரிப்பின் கதி என்ன? ஷ்வைட்நிட்ஸ் நகரில் அவர் குடும்ப இல்லத்தில் 1933இல் அமைந்த காட்சிச்சாலை, 1945இல் போரின் முடிவில் சிதறி மறைந்தது.

அவரைச் சுட்டவர் யார்? கனடிய விமானி ராய் பிரவுன் என்றே பிரிட்டிஷ் விமானப் படை அறிவித்தது. தரையிலிருந்த ஆஸ்திரேலிய வீரரின் குண்டே என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். குண்டு எத்திசையிலிருந்து வந்தது என்பதற்கு விமானத்தின் உடலே சாட்சி சொல்லியிருக்கக்கூடும். அந்தச் சாட்சியை ஆசை துண்டு துண்டாக்கிவிட்டது. மிஞ்சியது முடிவில்லா வழக்கு.

ஆனால், அதே ஆஸ்திரேலியர் மறுநாள் பெர்ட்டாங்கிள் என்னும் ஊரில் பகைவராகிய அவரை முழு இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தனர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனவே மாணவர்களே, பழம்பொருளைச் சேருங்கள். ஆனால் சிதைத்துச் சேராதீர்கள். எங்கே கிடைத்தது, எப்போது, யாரிடமிருந்து என்று அன்றே குறித்து வையுங்கள். குறிப்பில்லாத சிவப்புத் துணி வெறுங் கந்தல். குறிப்போடு கூடிய துணியோ வரலாற்றின் ஓர் ஏடு. உடைமையாகக் கருதுபவன் பொருளை மட்டும் பெறுகிறான். அடைக்கலமாகக் கருதுபவனே அதன் வரலாற்றையும் காக்கிறான்.