திரைப்படமும் திருச்சபையின் தீர்ப்பும்

“சாமி, இந்தப் படத்தைப் பிள்ளைகள் பார்க்கலாமா?” ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போது பங்குத்தந்தையர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடையை எதிர்பார்க்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே விடை சொல்லி வந்தேன். சில வேளைகளில் படத்தைப் பாராமலே சொன்னேன். இந்தக் கேள்விக்குத் திருச்சபை விடை தேடிய வரலாறு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நீளமுடையது. அதில் நாம் பெருமைப்படத்தக்கவை உண்டு, நாணத்தக்கவையும் உண்டு.

1928ஆம் ஆண்டிலேயே, ஹாலந்து நாட்டின் தி ஹேக் நகரில், அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு தோன்றியது. ஆனால் பெரும் செல்வாக்குப் பெற்றது அமெரிக்க ஆயர்களின் முயற்சியில் 1934ஆம் ஆண்டளவில் எழுந்த ‘லீஜன் ஆஃப் டீசன்சி’ என்னும் ஒழுக்கக் காவல் இயக்கமே. தீய படங்களைப் பார்ப்பதில்லை என்று கத்தோலிக்கர் கோவில்களில் எழுந்து நின்று வாக்குறுதி அளித்தனர். ஒவ்வொரு படத்துக்கும் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என ஓர் எழுத்து வழங்கப்பட்டது. ‘சி’ என்றால் கண்டனத்துக்குரியது. வசூல் குறையுமே என்று ஹாலிவுட் முதலாளிகள் அஞ்சினர். 1936 ஜூன் 29 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ‘விஜிலாந்தி கூரா’ என்னும் சுற்றுமடலில் இம்முயற்சியைப் பாராட்டினார். படங்களை ஆய்ந்து வகைப்படுத்தும் அலுவலகம் ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும் என்றும் பணித்தார். இதில் மேய்ப்பனின் அக்கறை இருந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது. பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்ட பெற்றோருக்கு அது கைவிளக்காயிற்று. ஆனால் காலப்போக்கில் ஒரு தீங்கும் நேர்ந்தது. எழுத்தைப் பார்த்தவர்கள் படத்தைப் பார்க்க மறந்தார்கள்.

அதன் விளைவு 1951இல் நியூயார்க் நகரில் வெளிப்பட்டது. இத்தாலிய இயக்குநர் ரொபெர்த்தோ ரொசெல்லினி 1948இல் எடுத்த ‘அற்புதம்’ என்னும் குறும்படம் அங்கே திரையிடப்பட்டிருந்தது. ஆடு மேய்க்கும் ஓர் ஏழைப்பெண், அறிவு தெளியாதவள். வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்று நம்புகிறாள். அவனோ மது கொடுத்து அவளைக் கெடுத்துவிட்டுப் போய்விடுகிறான். கருவுற்றதை இறைவனின் அருள் என்று அவள் மகிழ்கிறாள். ஊரார் எள்ளி நகையாடுகின்றனர். பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துப் போலி ஊர்வலம் நடத்துகின்றனர். அவள் ஊரைவிட்டு ஓடி, மலைமேல் தனித்திருக்கும் கோவிலில் ஒருவர் துணையுமின்றிப் பிள்ளை பெறுகிறாள்.

இது தெய்வ நிந்தனை என்று லீஜன் கண்டித்தது. கர்தினால் ஸ்பெல்மனின் கண்டன அறிக்கை 1951 ஜனவரியில் மறைமாவட்டத்தின் கோவில்களில் வாசிக்கப்பட்டது. திரையரங்கின் முன் மறியல் நடந்தது. பிப்ரவரியில் மாநில அதிகாரிகள் படத்தின் உரிமத்தை நீக்கினர். ரொசெல்லினி கர்தினாலுக்குத் தந்தி அனுப்பினார். இப்படத்தின் மனிதர்கள் கடவுளிடம் இன்னும் திரும்பாததால்தான் இரக்கமற்றிருக்கிறார்கள் என்றும், துன்புறுத்தப்படும் அப்பெண்ணின் குழம்பிய நம்பிக்கையில் கடவுள் ஏற்கெனவே இருக்கிறார் என்றும் அவர் அதில் விளக்கியிருந்தார். கத்தோலிக்கப் பொதுநிலையினர் நடத்திய ‘காமன்வீல்’ இதழும் மறியலை ஏற்கவில்லை. 1952 மே 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்: திரைப்படமும் கருத்துரிமைக்கு உட்பட்டதே, தெய்வ நிந்தனை என்ற காரணத்தால் அரசு அதைத் தடைசெய்ய இயலாது.

வழக்கில் தோற்றதைப் பெரிய இழப்பாக நான் கருதவில்லை. மறியலில் நின்றவர்கள் மரியன்னைமீது கொண்ட அன்பு பொய்யன்று. ஆயினும் தட்டி ஏந்தி நின்றவர்களில் எத்தனை பேர் அப்படத்தைப் பார்த்திருப்பார்கள்? பார்த்திருந்தால், அந்த ஏழைப்பெண்ணைச் சுற்றிநின்று கூச்சலிட்ட ஊராரின் முகத்தில் தங்கள் முகச்சாயலை அவர்கள் கண்டிருக்கக்கூடும்.

திருச்சபை இதிலிருந்து கற்றுக்கொண்டது. 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ‘மிராந்தா புரோர்சுஸ்’ என்னும் சுற்றுமடலில் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் இறைவன் தந்த கொடைகளாகக் கண்டார். விலக்குவது மட்டும் போதாது, பார்ப்பவர்களுக்குப் பயிற்சியும் வேண்டும் என்றார்.

அடுத்து நிகழ்ந்தது வியப்புக்குரியது. பியர் பவுலோ பசோலினி ஒரு மார்க்சியர். கடவுள் நம்பிக்கை அற்றவர். ஒரு குறும்படத்தில் மதத்தை இழிவுபடுத்தினார் என்று 1963இல் இத்தாலிய நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்திருந்தது. அதற்கு முந்திய ஆண்டு அக்டோபரில், அசிசி நகரில் ஒரு கத்தோலிக்க அமைப்பின் விருந்தினராக அவர் தங்கியிருந்தார். திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பரின் வருகையால் நகரெங்கும் கூட்டம் திரள, அவர் அறையிலேயே தங்கி, கைக்குக் கிடைத்த நற்செய்தி நூலைப் படிக்கலானார். அதன் கனியே 1964இல் வெளிவந்த ‘மத்தேயு நற்செய்தி’ என்னும் படம். தொழில்முறை நடிகர்கள் இல்லை. உரையாடல் அனைத்தும் நற்செய்தியின் சொற்களே. முதிய வயது மரியாவாக இயக்குநரின் தாயே நடித்தார். படம் மறைந்த திருத்தந்தையின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. வெனிஸ் திரைப்பட விழாவில் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு அதற்கே தன் விருதை அளித்தது. எடுத்தவர் யார் என்று பார்த்துத் தீர்ப்பளித்திருந்தால் அவ்விருது கிடைத்திருக்காது. நடுவர்கள் எடுக்கப்பட்ட படத்தைப் பார்த்தனர்.

திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் 45 படங்களின் பட்டியலை வெளியிட்டது. சமயம், விழுமியம், கலை என்று மூன்று பிரிவுகள், பிரிவுக்குப் பதினைந்து. உலகெங்கும் வசூலைக் குவித்த ‘பென்ஹர்’ அதில் உண்டு. பசோலினியின் படமும் உண்டு. முன்னதில் ஆண்டவரின் முகம் காட்டப்படுவதே இல்லை. பின்னதில் அம்முகம் நம் கண்ணுக்கு மிக அருகில் வந்து நம்மைக் கேள்வி கேட்கிறது. போலந்துத் தொலைக்காட்சிக்காக கீஸ்லோவ்ஸ்கி 1988இல் எடுத்த ‘தெக்கலோக்’ தொடரும் அப்பட்டியலில் இடம்பெற்றது. பத்துக் கட்டளைகளைத் தழுவிய பத்துக் கதைகள். வார்சா நகரின் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பின் மக்கள். முதற்கதையில் ஏரியின் பனிக்கட்டி மகனின் எடையைத் தாங்கும் என்று தந்தை கணினியில் கணக்கிட்டுச் சொல்கிறார். பனி உடைகிறது, சிறுவன் மாண்டுபோகிறான். மறையுரை எதுவும் இல்லை. ஆனால் நாம் எதைக் கடவுளாக நம்பியிருக்கிறோம் என்ற கேள்வி பார்ப்பவர் உள்ளத்தில் தானே எழுகிறது.

இன்று திரையரங்கு நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஆகாத படங்கள் இன்றும் உண்டு. அவற்றை ஆகாது என்று சொல்லும் கடமை பெற்றோருக்கும் எமக்கும் உண்டு. அக்கடமையைச் செய்யுமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதனால், முற்றத்தில் அக்கேள்வி வரும்போது இப்போது நான் சொல்லும் விடை வேறு: “நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு வருகிறேன், நீங்களும் பாருங்கள். அடுத்த ஞாயிறு உட்கார்ந்து பேசுவோம்.”