லின் சோண்டெக் எல்பி12

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1973-இல் நிறுவப்பெற்ற லின் ஸ்தாபனத்தார் செய்துவரும் இசைத்தட்டுச் சுழலி. அச்சு, மோட்டார், முட்கை, அடித்தளம் என அங்கங்கள் யாவும் காலந்தோறும் மாறிவந்தும், பெயரும் புறத்தோற்றமும் மாறாமல் ஒரே யந்திரமென வழங்கிவருவது இதன் விசேஷம்.

பூர்வ வரலாறு: 1950-களில் புகழ்பெற்றிருந்த கேரார்ட் 301 போன்ற சுழலிகளில், மோட்டாரின் விசையை ஒரு ரப்பர்ச் சக்கரம் தட்டுக்குக் கடத்தியது, விசையோடு அதிர்வும் கடந்தமையால், இசையின் அடியில் ஓர் உறுமல் கலந்துவிடும். இக்குறையைக் களைய, அமெரிக்கரான எட்கர் வில்சர் 1961-இல் வெளியிட்ட ஏ.ஆர். சுழலியில், தட்டும் முட்கையும் ஓர் உபதளத்தில் ஒருங்கே அமர்ந்து ஸ்பிரிங்குகளில் மிதக்க, மோட்டார் தனித்து நின்று பெல்ட் ஒன்றினால் மாத்திரமே தட்டோடு தொடர்புகொள்ளும் ஏற்பாடு அமைந்தது. சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் கம்பெனியார் 1965-இல் டி.டி. 150 என்னும் மாதிரியில் அதனைப் பின்பற்றினர். அந்த மரபிலேயே, தந்தையாரின் யந்திரத் தொழிற்சாலைப் பின்னணியில் வந்த லின் ஸ்தாபகர் ஐவர் டீஃபன்பிரன் எல்பி12-ஐ வெளிக்கொணர்ந்தார். ஜப்பானியர் 1970-இல் டெக்னிக்ஸ் எஸ்.பி.-10 மூலம் பரப்பிய, மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் நேரியக்க முறை வேகத் துல்லியத்தில் சிறந்ததாயினும், நாதத்தின் இனிமையில் பெல்ட்டுக்கு ஈடாகவில்லை என்பது ரசிகர் துணிபு.

அங்கங்களும் மாற்றங்களும்: தொடக்க காலத்து மோட்டார் 24 துருவங்கள் உடையது, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிஷத்துக்கு 250 தரம் சுழல்வது, அவ்வேகத்தைப் பெல்ட் ஏழரையில் ஒரு பங்காக்க, தட்டு 33⅓ சுற்றுச் சுழலும். ஆகவே ஊர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் மோட்டாரையும் தொடுமாதலால், படிகத்தினால் நெறிப்படும் மின்னோட்டத்தைத் தானே ஆக்கித்தரும் வல்ஹல்லா பலகை 1982-இலும், தனிப்பெட்டியாக நிற்கும் லிங்கோ 1990-இலும் வந்தன. 1993-இல் சர்க்கஸ் என்னும் புதிய அச்சும், 2006-இல் உபதளத்தையும் முட்கைப் பலகையையும் ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த கீல் என்பதும், 2009-இல் நேர்மின்னோட்ட மோட்டாரோடு கூடிய ராடிக்கலும் தொடர்ந்தன. பழைய யந்திரம் வைத்திருப்போர் அதனைக் கழிக்காமல், கைப்பொருளுக்கேற்ப இவற்றை ஒவ்வொன்றாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

சீரமைப்பு: விலையுயர்ந்த அங்கத்தை வாங்கியதனால் மட்டும் பயனில்லை, பொருத்துகிறவனது கைப்பழக்கமே பயன் தருவது. அடிப்புறம் திறந்திருக்கும் ஒரு தாங்கியில் சுழலியை ஏற்றி, மட்டம் பார்த்து, மேல்தளத்திலிருந்து இறங்கும் மூன்று போல்ட்டுகளில் ஸ்பிரிங்குகளைத் தாங்கும் நட்டுகளைக் கீழிருந்து சிறிது சிறிதாகத் திருகி, தட்டை விரலால் அழுத்திவிட்டுக் கவனிப்பான். தட்டு பக்கவாட்டில் சாயாமல், கிணற்றில் விட்ட வாளிபோல் நேராக மேலும் கீழும் அசைந்து மெல்ல அடங்கவேண்டும். முட்கையிலிருந்து இறங்கும் கம்பி சற்றே விறைத்து ஒருபுறம் இழுத்தாலும் அந்த அசைவு கோணிவிடும். அக்கம்பியைக் கிளிப்பில் எவ்வளவு தளர விடுவது என்பதிலேயே பாதி வித்தை அடங்கியிருக்கிறது. இதன் பின்னரே முள்ளின் பளு, கோணம், உயரம் ஆகியன நிர்ணயிக்கப்பெறும்.

கொள்கை: ஒலிபெருக்கியே பிரதானம் என்ற அக்காலத்து அபிப்பிராயத்தை மறுத்து, மூலமே முதன்மை என லின் ஸ்தாபனத்தார் பிரசாரம் செய்தனர், அதாவது முதலில் சுழலி, பின்னர் முட்கை, அதன்பின் முள்ளைத் தாங்கும் காட்ரிட்ஜ் என்பது செலவின் வரிசை. இசைத்தட்டின் வரியில் முள் எடுக்கத் தவறியதைப் பின்வரும் எந்தக் கருவியும் மீட்டுத்தர இயலாது என்பது அவர்களது வாதம். நல்ல சுழலியில் எளிய காட்ரிட்ஜ், எளிய சுழலியில் உயர்ந்த காட்ரிட்ஜை வென்றுவிடும் என்பதும் அவர்கள் துணிபு.

தற்கால நிலை: 2020-இல் கரோசல் என்னும் அச்சு வந்தது, 2023-இல் பொன்விழாப் பதிப்பாக 250 சுழலிகள் செய்யப்பெற்றன.